வால் முன்னே

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போகும் என்றது அட்டவணை.
பதினொன்று ஐம்பதுக்கே போய்விட்டது.
உம்பிலோ சாலையில், மூன்றாம் மாடியில்,
விளக்கின் கீழ் வரிசையாய் வைத்த இருபத்துநான்கு நத்தைகளும்
பகல் முடிந்தது என்று நினைத்திருக்கும்.

வெளிச்சம் பட்டால்தான் விடும் அவை.
டோங்காட் பக்கத்து அணையில்
ஹ்லெங்கிவே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டி
சல்லடையால் அள்ளிய நத்தைகள்.
தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினோம்.
டர்பன் வெயிலுக்கு அட்டவணை கிடையாது.

பத்து நிமிடம் ஆனது.
தூசிக்கே ஒரு விருப்பம் வந்து
எழுந்துகொண்டதுபோல்
தண்ணீர் மங்கியது.

லென்சை வைத்துப் பார்த்தேன்.
வால் முன்னே போகிறது, தலை பின்னே வருகிறது.
கடைத்தெருவில் தகப்பனை இழுத்துக்கொண்டு ஓடும் பிள்ளை மாதிரி
கவடு பிளந்த வால்.
கொஞ்சம் துடிப்பு, மேலே.
பிறகு சும்மா. இறங்கும்.
மறுபடி துடிப்பு.
எதையும் தின்னாது. நத்தை கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு
ஒரு நாளைக்கு வரும்.
அதற்குள் ஒரு தோல் கிடைக்கவேண்டும்.

போன வாரம் இதன் உறவுகளுக்குச் சாயமேற்றினோம்.
விஷக்காளானின் நஞ்சு
தசையைப் பற்றிக்கொண்டு பச்சையாய் எரிந்தது.
உடம்பில் வளையம் வளையமாய், நெடுக்காய், சாய்வாய்,
நெருக்கி முடைந்த கூடை.
வாலில் மட்டும் வரி வரியாய்,
என் தொடையில் இருப்பதன் தூரத்துச் சொந்தம்.
சிவப்பு, நரம்பு. தலையில் இரண்டு பொட்டு,
அங்கிருந்து வாலுக்குள் இறங்கும் கயிறு.

சிவப்பு என்றால் செரட்டோனின்.
அதைத்தான் அரை மாத்திரை போட்டு
மண்டைக்குள் நிறுத்திவைக்கப் பார்க்கிறேன் நான்,
பிரகாசனுடன் கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து,
பதினான்கு மாதமாக.
ஹ்லெங்கிவேக்குத் தெரியாது.
இதற்கு யாரும் சீட்டு எழுதித் தரவில்லை.
போ என்கிறது சிவப்பு, போகிறது.
திங்கட்கிழமை காலை
என் கால் கட்டிலிலிருந்து இறங்க
எத்தனை பேச்சுவார்த்தை.

பிப்பெட்டின் வாயில் அடிபட்டு ஒன்றின் வால் கழன்றது.
வால் நிற்கவில்லை.
இழுக்கத் தலை இல்லை, போக இடம் இல்லை,
அடித்துக்கொண்டே இருந்தது, வட்டமாய்.
பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன்.
நான்கு நிமிடம் என்று குறித்தேன். இன்னும் ஆடியது.

"மிஸ் கோகி, அதற்குத் தெரியாதா?"
"எது?"
"கழன்றுவிட்டது என்று."

தோலைத் தொட்டதும் எப்படியும் உதறிவிடுகிற வால்தான்.
தலை உள்ளே போகும், வால் தண்ணீரோடு கிடக்கும்.
இதைச் சொல்லியிருக்கலாம்.
அடுத்த தட்டைக் கேட்டேன்.

அணையிலும் இதே உச்சிவேளை.
பரீட்சை முடிந்து, சட்டைகளைப் பாறையில் எறிந்துவிட்டு
பையன்கள் குதிக்கும் நேரம்.
லிண்டோகூஹ்லே, பதினொரு வயது,
சிறுநீர்க் குப்பியைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிச் சிரித்தான்.
அண்ணனுக்கும் இப்படி வந்ததாம்,
பெரியவனாகிவிட்டானாம்.
உயரக்கோலில் நிற்கவைத்து மாத்திரை எண்ணிக் கொடுத்தோம்.
அந்த மாத்திரையும் புழுவின் தசையைத்தான் பிடிக்கும்;
இறுக்கும், தளரவிடாது.
மறுநாள் அவன் குதித்திருப்பான்.
அந்த வெயிலுக்கு வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது?

இரண்டரைக்கு மின்சாரம் வந்தது. குளிர்பெட்டி முனகியது.
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே, மணிக்கட்டில்,
ஒரு சொட்டு. எப்போது விழுந்ததோ.
ஸ்பிரிட்டால் துடைத்தேன், சிவக்கும்வரை துடைத்தேன்.

இரவு, மாத்திரையை உடைப்பதற்கு முன்,
விளக்கைத் திருப்பி அந்த இடத்தைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
லேசாய் ஒரு அரிப்பு,
நானே உண்டாக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம்.